உளநூலும் அதன் கிளைகளும்

உளநூலைப் பட்ட வகுப்பிற் பயில்வோர் அதன் கிளைகள் பலவற்றையும் ஒருங்கே பயிலல் வேண்டும் என்பது எமது கருத்து. இது நுனிப்புல் மேய்தலாகும் என்பர் சிலர். ஒரு கிளையையே பற்றி நிற்றலால் விளையும் கேடு அதனினும் பெரிது. அறிவளவைத் தேர்வின் வரலாறே இதற்குச் சான்றாம்.

பிரான்சு நாட்டில் பினே, சைமன் என்னும் இருவர் 1905ஆம் ஆண்டு அத்தேர்வை வகுத்தனர். கல்வியிற் பின்தங்கிய சிறாரைக் கண்டறிந்து துணைபுரிதலே அவர்தம் நோக்கம். பயிற்சியால் அறிவு வளரும் என்றே பினே கருதினார். அமெரிக்காவிலோ, 1917ஆம் ஆண்டு தொடங்கிப் படைவீரர் 17 இலட்சத்தினும் மிக்கோர் இவ்வழி வந்த தேர்வுகளால் அளக்கப்பெற்றனர். அவருள் பிற நாட்டினின்று குடியேறியோர் பலர் குறைந்த எண்ணே பெற்றனர். 1923இல் கார்ல் பிரிகாம் என்பார் அதனை இனத்தின் பிறவிக் குறையென எழுதினார். ஆங்கிலமும் அமெரிக்க வழக்கங்களும் அம்மக்கட்குப் புதியன என்பதை அவர் தக்கவாறு கருதினாரல்லர். 1930இல் அவரே தம் முடிவு பொருந்தாதென ஒப்புக்கொண்டார்.

அளவைக் கிளை எண்ணைத் தரும். அவ்வெண்ணின் காரணத்தை வளர்ச்சி உளநூலும் சமுதாய உளநூலும் வினவும். ஆழ்ந்த பயிற்சி பின்னர் வருக. நம்முட் பலர் நாளை ஆசிரியராய் அமர்வோம். ஒரு சிறுவனை மந்தன் என்று ஒதுக்குமுன், அவன் வீடும் மொழியும் எத்தகையன என வினவும் பழக்கம் பட்ட வகுப்பிலேயே வேரூன்றல் வேண்டுமன்றோ?