தாழ்ந்த கார், தாழ்ந்த வாதம்

"காரை 4 சென்டிமீட்டர் இறக்கினால் புவியீர்ப்பு மையம் தாழும், வளைவில் சாயாது, ஆக்டேவியா காம்பி போன்ற குடும்ப எஸ்டேட் காருக்கும் அது நல்லதுதான்" என்கிறார்கள். மையம் தாழும், சரி. மீதி?

ஒன்று: முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். அதிகம் இறக்கினால் உருளல் மையம் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகத் தாழும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சாய்வு எப்படிக் குறையும்?

இரண்டு: எஸ்டேட் வாங்கியது எதற்கு? சுமை ஏற்ற. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையப் பெட்டி, மேலே ஒரு அரிசி மூட்டை. ஸ்பிரிங் அமுங்க மிச்சம் எவ்வளவு? பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடித்துக்கொண்டே வளைவில் திரும்பினால் பின்சக்கரம் பிடியை விடும். காலி வண்டியை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதா?

மூன்று: இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம்; இறக்கிய காரின் அடிப்பகுதி அதில் உரசாதா? தெருக்காரர்கள் போடுவது தனிக் கணக்கு.

ஸ்பிரிங்கை அறுத்து இறக்குகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.