பழைய திறன்மானியை நீக்குமுன் ஒரு வாரம்

கடந்த மாதம் நான் பணிபுரியும் ஆய்வகத்திற்கு யுஎஸ்பி வகைத் திறன் உணரி ஒன்று வந்து சேர்ந்தது. அன்றே பழைய ஹெச்பி 436ஏ திறன்மானியை டெட் ஸ்டாக் பதிவேட்டில் ஏற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. மாட்டுங்காவிலிருந்து தாராவியின் பழைய பொருள் கிடங்குகள் நடந்து போகும் தொலைவுதான். அங்கே சென்ற கருவி திரும்பி வராது. ஒரு வாரம் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு வாரம் என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைக் காப்பாற்றியது.

10 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் பெருக்கியொன்றின் வெளியீட்டை இரு கருவிகளாலும் அளந்தேன். புதியது 0.3 டெசிபெல், அதாவது ஏறத்தாழ 7 விழுக்காடு, குறைவாகக் காட்டியது. பழையது தளர்ந்துவிட்டது என்றே எல்லோரும் கருதினோம். ஆனால் பிழை என்னுடையது. பழைய கருவியில், உணரியின் மேல் ஒட்டப்பட்ட அட்டவணையைப் பார்த்து, அந்தந்த அதிர்வெண்ணுக்குரிய திருத்தக் காரணியைக் கையால் திருகி வைக்கவேண்டும். புதிய உணரியில் அவ்வட்டவணை உள்ளேயே பதிந்திருக்கிறது. எனினும் அளக்கும் அதிர்வெண் எதுவென்று மென்பொருளுக்கு நாம் சொல்லியாக வேண்டும். நான் சொல்லவில்லை. பழைய கருவி அருகில் இல்லாதிருந்தால், பெருக்கியின் செயல்திறன் குறைந்துவிட்டதாக எழுதி, அதற்கொரு காரணத்தையும் கற்பித்திருப்பேன்.

புதியவை வேண்டா என்பதன்று என் வாதம். 436ஏ-யுடன் இணையும் 8481ஏ போன்ற வெப்ப மின்னிரட்டை உணரி, திறனை வெப்பமாக மாற்றி அளப்பதால், அலைவடிவம் எதுவாயினும் சராசரியை நேர்மையாகத் தரும். ஆனால் 1 மைக்ரோவாட்டுக்குக் கீழே அதனால் இறங்க இயலாது. கணத்தில் எழுந்து மறையும் உச்சத்தையும் அது காணாது. நான்காம், ஐந்தாம் தலைமுறை அலைபேசிச் சமிக்ஞைகளில் உச்சம் சராசரியைப்போல் 10 மடங்கு வரை உயரக்கூடும். அவற்றை ஆராய வேகமான டையோடு உணரிகள் இன்றியமையாதவை.

ஆயினும் கருவி புதிதாவதால் மட்டும் அகலாத பிழைகளும் உண்டு. மூலத்தின் எதிரொளிப்புக் கெழு 0.2, உணரியுடையது 0.1 எனில், பொருத்தமின்மையால் மட்டுமே அளவீடு இருபுறமும் 4 விழுக்காடு வரை விலகலாம். திரையில் நான்கு தசம இலக்கங்கள் ஒளிர்வதால் அவ்விலகல் மறைந்துவிடாது.

ஆதலால் துறைத் தலைவர்களிடமும் சக ஆய்வாளர்களிடமும் என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, பழையதை நீக்குமுன், ஒரே மூலம், ஒரே கேபிள் கொண்டு, பல அதிர்வெண்களிலும் பல திறன் நிலைகளிலும் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை ஆய்வகக் குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, கொள்முதல் தொகையோடு ஆண்டுதோறும் செய்யவேண்டிய அளவுத்திருத்தச் செலவையும் ஒதுக்குங்கள். புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தரங்கள் வரை தொடர்பு காட்ட இயலாத எண், எவ்வளவு புதிய கருவியிலிருந்து வந்தாலும் நம்பத்தக்கதன்று.

மூன்றாவது, பழைய கருவியைக் கற்பித்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுழியம் வைத்து, 50 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிவாட் மேற்கோள் மூலத்தில் இணைத்துச் சரிபார்த்து, காரணியைத் தன் கையால் திருகும் மாணவன், திரையில் தோன்றும் எண் எவற்றால் ஆனது என்பதை அறிவான்.

முன்பு சேர்த்த தரவுக்கும் இனிச் சேர்க்கும் தரவுக்கும் இடையிலான பாலம் அந்த ஒரு வார ஒப்பீடுதான். உங்கள் ஆய்வகத்தில் கருவி மாறியபோது அதைச் செய்தீர்களா? என்ன வேறுபாடு கண்டீர்கள்? கீழே எழுதுங்கள், கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.