கிணற்று உப்பும் சரிபார்க்காத மானியும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது குடியானவர்களின் பழைய கொள்கை. விதையைப் படியால் அளக்கிறார்கள். எருவை வண்டிக் கணக்கில் எண்ணுகிறார்கள். விளைந்ததை விற்கும்பொழுது வியாபாரியின் தராசில் சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கிறார்கள். ஆனால் பயிருக்கு எல்லாவற்றிலும் அதிகமாகக் கொடுக்கப்படுகிற ஜலத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும் பெரும்பாலோர் நாவினாலேயே அறிந்து கொள்ள முயலுகிறார்கள். நாவோ பழகிப்போகும் தன்மையுடையது. தினந்தோறும் அதே கிணற்று ஜலத்தைக் குடிப்பவருக்கு, உப்பு சிறிது சிறிதாக ஏறிவருவது தெரியாமலே போகிறது. அது தெரியவரும்பொழுது பயிரின் இலை நுனி கருகியிருக்கும்.

ஜலத்தின் உப்பை அளக்கும் ஈ.ஸி. மானியின் தத்துவம் எளியது. சுத்த ஜலம் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். உப்புக் கரையக் கரையக் கடத்தும் சக்தி பெருகும். இச்சக்தி மீட்டருக்கு இத்தனை டெசிசீமன் என்று குறிக்கப்படுகிறது. பழைய நூல்களில் இதே அளவு சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிமோ என்று காணப்படும். 1 டெசிசீமன் உள்ள ஜலத்தில், லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு இருப்பதாகக் கொள்ளலாம்.

இது அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வாறன்று. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும்படி பாய்ச்சினால், ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஜலம் செல்லுகிறது. ஜலம் 2 டெசிசீமனாயிருந்து, ஒரு பருவத்தில் 20 அங்குலம் பாய்ச்சப்படுமானால், அந்த ஏக்கரில் இறங்கும் உப்பு இரண்டரை டன்னுக்கும் அதிகம். 50 கிலோ மூட்டைகளாக எண்ணினால் 50 மூட்டைக்கு மேல். இவ்வளவு உப்பைத் தலையில் சுமந்து கொண்டுபோய் வயலில் கொட்டுகிறவர் எவருமிலர். பம்பு செட்டின் மூலம் கொட்டுகிறவர் பலர்.

கடற்கரையை அடுத்த கிராமங்களில் இவ்விஷயம் மிகவும் முக்கியமானது. அங்கே பூமிக்கடியில் நல்ல ஜலம் கடல் ஜலத்தின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு ஜலம் கூம்பு போல் மேலெழும்பும். ஊர் முழுவதும் அவ்வாறே இறைத்தால் கடல் ஜலமே உள்நாட்டை நோக்கி நகரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்தின் தேவைக்கும் சாகுபடிக்குமாக மிகுதியாக இறைத்ததன் பயனாக, 1960-களின் இறுதி முதல் கடல் ஜலம் பல கிலோமீட்டர் தூரம் உட்புகுந்ததை அனைவரும் அறிவர். கடல் ஜலம் சுமார் 50 டெசிசீமன் உள்ளது. நூறு குடம் நல்ல ஜலத்தில் இரண்டு குடம் கடல் ஜலம் கலந்தால் போதும். 1 டெசிசீமன் ஏறிவிடும். இதை நாவால் நிச்சயிப்பது அரிது. மானியால் நிச்சயிப்பது எளிது.

ஆதலால் மானி வேண்டும் என்பதில் ஐயமில்லை. இக்காலத்தில் சட்டைப் பையில் வைக்கத்தக்க சிறு மானிகளும், கிணற்றிலேயே நிலையாக இருந்து மணிதோறும் அளவைக் குறித்துக்கொள்ளும் மானிகளும் கிடைக்கின்றன. குறை மானி இல்லாமையிலன்று. வாங்கிய மானியைச் சரிபார்க்காமையிலேயே இருக்கிறது. வாங்கிய அன்று காட்டிய எண்ணை மானி என்றைக்கும் தவறாமல் காட்டும் என்று நம்புவது பெரும் பிழை. அதன் மின்முனைகளில் பாசியும் சுண்ணாம்பும் படியப் படிய, அது உள்ளதைக் காட்டிலும் குறைத்துக் காட்டும். மானியில்லாதவன் சந்தேகத்தோடாவது இருப்பான். பொய் சொல்லும் மானியுடையவன் தைரியமாக நஷ்டப்படுவான்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1985-ல் திருத்தி வெளியிட்ட அட்டவணையின்படி, வெங்காயம் 0.8 டெசிசீமன் ஜலம் வரையில் விளைச்சல் குறையாமல் தாங்கும், 1.8 ஆனால் விளைச்சலில் நான்கிலொரு பங்கு போய்விடும். கிணற்று ஜலம் உண்மையில் 1.8 ஆயிருக்க, அழுக்கேறிய மானி 0.8 என்று காட்டினால், குடியானவர் கடன் வாங்கி வெங்காயம் நடுவார். அதே ஜலத்தில் நெல்லுக்கோ பருத்திக்கோ கெடுதியில்லை, நெல் 2.0 வரையிலும், பருத்தி 5.1 வரையிலும், போதிய வடிகாலிருந்தால், குறைவின்றித் தாங்கும் என்று அதே அட்டவணை காட்டுகிறது. ஆகவே மானியின் பிழை பயிர்த் தேர்வின் பிழையாக முடிகிறது. அந்நஷ்டத்தை மானி விற்றவர் கொடுக்கப் போவதில்லை.

மானியைப் பொருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். திறந்த கிணற்றில் அதை ஜலத்தின் மேல்மட்டத்தில் தொங்கவிடலாகாது. மழை ஜலம் மேலே நின்று ஏமாற்றும். அடிச் சேற்றிலும் புதையவிடலாகாது. பம்பின் புட்வால்வு இருக்கும் ஆழத்தில், துளையிட்ட பி.வி.சி. குழாய்க்குள் வைத்து, தனிக் கயிற்றால் கட்டி, கயிற்றில் ஆழத்துக்கு அடையாளமிட வேண்டும். மானியின் கம்பியையே கயிறாக உபயோகித்தால் அது உள்ளே அறுந்து, பிழை எங்கே என்று தெரியாமற் போகும். ஆழ்குழாய்க் கிணறுகளில், நீர்மூழ்கிப் பம்பு இருக்கும் குழாய்க்குள் மானியையும் இறக்கினால் சிக்கிக்கொள்ளும்; தொட்டியில் வைப்பதே நலம். தொட்டியிலும் ஜலம் நுரைத்து விழும் இடத்தைத் தவிர்க்க வேண்டும்; காற்றுக் குமிழிகள் முனைகளில் ஒட்டினால் எண் குறையும். பம்பு ஓடத் தொடங்கிக் கால்மணி நேரம் சென்றபின் ஒருமுறையும், நிறுத்துமுன் ஒருமுறையும் அளக்க வேண்டும். முதலில் 0.9 ஆக இருந்தது மூன்று மணி நேரத்தில் 1.6 ஆகுமாயின், உப்பு மேலெழுகிறது என்றும், அன்றைய இறைப்பை நிறுத்த வேண்டுமென்றும் அறியலாம். இச்செய்தியே மானியின் முக்கியப் பிரயோஜனம்.

இனி, சரிபார்க்கும் முறையைப் பார்ப்போம். லிட்டர் ஒன்றுக்கு 0.7456 கிராம் சுத்தமான பொட்டாசியம் குளோரைடு கரைந்த திராவகம், 25 டிகிரி உஷ்ணத்தில் 1.413 டெசிசீமன் காட்டும். இத்திராவகம் புட்டிகளில் விலைக்குக் கிடைக்கிறது. மைக்ரோசீமன் கணக்கில் 1413 என்று புட்டியின்மேல் எழுதியிருக்கும். உரக்கடையில் விற்கும் மூரியேட் ஆப் பொட்டாஷும் இதே பொருள்தானே என்று அதைக் கரைத்து உபயோகிப்பது கூடாது. அதில் வேறு உப்புகளும் கலந்திருக்கும்.

மாதம் ஒருமுறை மானியை எடுத்து, மென்மையான தூரிகையால் முனைகளைத் துலக்கி, வாலை வடிநீரில் அலம்ப வேண்டும். திராவகத்தில் சிறிதளவை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மானியை அதில் கழுவி, அதைக் கொட்டிவிட வேண்டும். பிறகு புதிதாக ஊற்றி அளக்க வேண்டும். உபயோகித்ததை மறுபடியும் புட்டியில் ஊற்றினால் புட்டி முழுவதும் கெடும். உஷ்ணத்தையும் மறக்கலாகாது. ஒரு டிகிரி ஏறினால் எண் நூற்றுக்கு இரண்டு வீதம் ஏறும். உஷ்ணத்திற்கேற்பத் தானே திருத்திக் கொள்ளாத மானியாயின், 35 டிகிரி வெயிலில் நூற்றுக்கு இருபது அதிகமாகக் காட்டும். தானே திருத்திக் கொள்ளும் மானிக்கும், திராவகமும் மானியும் ஒரே உஷ்ணத்துக்கு வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்காகப் புட்டியையும் மானியையும் ஒரு வாளிக் கிணற்று ஜலத்தில் கால்மணி நேரம் வைத்திருப்பது சிலாக்கியம்.

ஒரு விஷயம் பலராலும் கவனிக்கப்படுவதில்லை. எண் மாறியிருந்தால் உடனே அதைத் திருகித் திருத்திவிட்டுத் திருப்தியடைந்து விடுகிறார்கள். திருத்துமுன் மானி என்ன காட்டியது என்பதை நோட்டில் முதலில் எழுத வேண்டும். 1.413 காட்ட வேண்டியது 1.1 காட்டியிருந்தால், சென்ற மாதத்து எண்களும் குறைவாகவே குறிக்கப்பட்டிருக்கக் கூடும் என்பது அதனால் விளங்கும். அக்குறிப்பில்லாத நோட்டு, முத்திரையில்லாத தராசில் நிறுத்த கணக்கை ஒக்கும். மலிவான மானிகளில் சில, டெசிசீமனை ஒரு குறித்த எண்ணால் பெருக்கிப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று காட்டும். அப்பெருக்கும் எண் எல்லா மானிகளிலும் ஒன்றாயிராமையால், ஒரே ஜலம் இரண்டு மானிகளில் இரண்டு விதமாகத் தெரியும். ஆதலால் ஊர் முழுவதும் ஒரே அலகில் எழுதுவது அவசியம்.

மானியால் அறியக் கூடாதவையும் உண்டு. மொத்த உப்பு எவ்வளவு என்பதையே அது சொல்லும். சோடியம் எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு என்று சொல்லாது. சோடியம் மிகுந்த ஜலம் மண்ணை இறுக்கி, பாய்ச்சும் ஜலம் உள்ளிறங்க வொட்டாமற் செய்யும். எனவே வருஷத்திற்கொருமுறை, கோடையில், ஒரு புட்டி ஜலத்தைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பியே தீர வேண்டும். மானி அதற்கு உதவியேயன்றி மாற்று அல்ல.

வேறு ஜலமில்லாதவனுக்கு எண் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உளர். கேள்வி நியாயமானதே. ஆனால் ஜலத்தை மாற்ற முடியாதவன் பயிரை மாற்றலாம். வாய்க்கால் அல்லது ஏரி ஜலம் சிறிதேனும் கிடைத்தால் கலந்து பாய்ச்சலாம். முளைக்கும் பருவத்தில் நல்ல ஜலத்தையும் பிறகு மற்றதையும் கொடுக்கலாம். மழைக் காலத்தில் வயலில் ஜலத்தைத் தேக்கி உப்பை அடிமண்ணுக்குக் கீழே வடியச் செய்யலாம். ஒரே மூச்சில் இறைப்பதை விட்டு, இடைவிட்டு இறைக்கலாம். இவற்றுள் ஒன்றையேனும் எண் தெரியாமல் தக்க காலத்தில் செய்ய இயலாது. மேலும் ஒருவன் கிணற்றில் உப்பு ஏறுவது அவனுடைய நஷ்டம் மாத்திரமன்று. அடுத்த கிணற்றுக்காரனுக்கு அது முன்னெச்சரிக்கை.

ஆகையால் செய்யத்தக்கது யாதெனில், வீட்டுக்கொரு மானி என்பதைக் காட்டிலும், ஊருக்கொரு நம்பத்தகுந்த மானியும், அதற்குப் பொறுப்பாளி ஒருவரும், ஒரு நோட்டும் இருப்பதே மேல். கூட்டுறவுச் சங்கத்தில் மானியையும் திராவகப் புட்டியையும் வைத்து, வாசிக்கத் தெரிந்த வாலிபர் ஒருவரைப் பழக்கி, மாதம் ஒருமுறை குறித்த கிணறுகளை அளந்து, தேதியுடன் பலகையில் எழுதிவைக்கலாம். சரிபார்க்க மாதத்தில் அரைமணி நேரம் போதும். மானியின் விலையோடு ஒப்பிட்டால் திராவகத்தின் செலவு சொற்பம். ஆயினும் மானிக்குப் பணம் ஒதுக்குவோர் திராவகத்துக்கு ஒதுக்க மறந்துவிடுகின்றனர்.

இலாகாவின் அறிக்கைகளிலும் இம்மாறுதல் வேண்டும். இவ்வருஷம் எத்தனை மானிகள் வழங்கப்பட்டன என்று எழுதுவதைவிட, எத்தனை மானிகள் சென்ற மாதத்தில் சரிபார்க்கப்பட்டன என்று எழுதுவதே உண்மையான கணக்காகும். கிராமத்துக்குச் செல்லும் உத்தியோகஸ்தர்கள் மானி எங்கே என்று கேட்பதோடு நில்லாமல், நோட்டைக் காட்டும்படி கேட்டுக் கடைசித் தேதியைப் பார்ப்பார்களாக. குடியானவர்களும் நெல் நிறுக்கும் தராசில் முத்திரையைத் தேடுவது போலவே, தம் கிணற்று எண்ணின் பக்கத்தில் சரிபார்த்த தேதியைத் தேடுவார்களாயின், கடற்கரைக் கிராமங்களில் அறியாமையால் நேரும் பயிர் நஷ்டத்தில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாகும்.