பெயர் போன திராட்சை

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லொவேனியா எல்லையை ஒட்டி ஃப்ரியூலி என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ஊர்ப்புற ஒயின் கடைக்குள் நுழைந்து "ஒரு தயூத்" என்று கேட்டால் சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஒயின் வரும். வெள்ளை ஒயின் கேட்பவர்களின் பழைய செல்லப்பிள்ளை ஒன்று உண்டு. இனிப்பு கிடையாது, குடித்த பின் நாக்கில் பாதாம் பருப்பின் லேசான கசப்பு நிற்கும். சான் டானியேலே ஊரின் பன்றித்தொடை உப்புக்கண்டத்தை மெல்லிசாகச் சீவித் தொட்டுக்கொள்வார்கள். அந்த ஒயினின் திராட்சைக்குத் தலைமுறை தலைமுறையாக 'தொக்காய் ஃப்ரியூலானோ' என்று பெயர்.

எல்லாம் 2007 மார்ச் 31 வரைக்கும்தான்!

ஹங்கேரியில் டோக்காய் என்று ஓர் ஊர். அதன் தேன் போன்ற இனிப்பு ஒயின் உலகப் பிரசித்தம். 1993இல் ஐரோப்பிய சமூகமும் ஹங்கேரியும் போட்ட ஒப்பந்தப்படி, அந்தப் பெயரும் அதைப்போல ஒலிக்கும் பெயர்களும் ஹங்கேரிக்கே உரியவை ஆயின. இத்தாலிக்காரர்களுக்குக் கொடுத்தது 13 வருட அவகாசம்.

ஃப்ரியூலி பிராந்திய அரசு வழக்குக்குப் போனது. 2005 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. நீதிமன்றத்தின் தர்க்கம் இதுதான்: டோக்காய் என்பது ஊரின் பெயர், அதாவது புவிசார் குறியீடு. தொக்காய் வெறும் திராட்சையின் பெயர். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ஊர்ப்பெயர்கள் என்றால் இரண்டும் வாழ வழி உண்டு. திராட்சையின் பெயருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒயினை வேறு பெயரில் விற்கலாமே, அதனால் சொத்துரிமையும் பறிபோகவில்லையாம்.

சட்டப்படி இதில் குறை சொல்வது கடினம். ஹங்கேரியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்து எழுந்து நின்ற நாட்டுக்கு அந்த ஊர்ப்பெயர் பெரிய சொத்து. ஆனால் ஏமாந்தவர் யார்? ஹங்கேரியின் ஒயின் முக்கியமாக ஃபுர்மின்ட் என்ற திராட்சையில் ஆவது. இது வேறு திராட்சை. அது இனிப்புக்குப் புகழ்பெற்றது; இதில் இனிப்பே இல்லை. போதாததற்கு 'ஃப்ரியூலானோ' என்று ஊர் முத்திரை வேறு பெயரிலேயே ஒட்டியிருந்தது. அந்த ஒட்டு மட்டும்தான் இன்று மிச்சம். திராட்சை இப்போது வெறும் 'ஃப்ரியூலானோ'. பக்கத்து வெனெத்தோவில் அது 'தாய்' என்று நறுக்கப்பட்டுவிட்டது.

இதோடு நின்றிருந்தால் ஃப்ரியூலிக்காரர்களுக்காகப் பரிதாபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். வேடிக்கை இனிமேல்தான்.

2009இல் இத்தாலி ப்ரொசெக்கோ என்ற நுரைக்கும் ஒயினைக் காப்பாற்றக் கிளம்பியது. ப்ரொசெக்கோ அதுவரை திராட்சையின் பெயர். திராட்சையின் பெயருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் தொக்காய் வழக்கிலேயே தெரிந்துவிட்டதே! திரியெஸ்தே நகருக்குப் பக்கத்தில், அதே ஃப்ரியூலிப் பிராந்தியத்தில், ப்ரொசெக்கோ என்று ஒரு கிராமம் இருந்தது. புகழ்பெற்ற ப்ரொசெக்கோ விளையும் கொனெலியானோ குன்றுகளிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு அப்பால். பரவாயில்லை என்று எல்லைக்கோட்டை அந்தக் கிராமம் வரை இழுத்தார்கள். திராட்சைக்கு 'க்லேரா' என்று வேறு பெயர் சூட்டினார்கள். ப்ரொசெக்கோ ஒரே இரவில் ஊர்ப்பெயர் ஆகிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் கிங் பள்ளத்தாக்கில் இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் அதற்கு முன்பே அதே திராட்சையை அதே பெயரில் நட்டு விற்றுக்கொண்டிருந்தன. அவர்களிடம் இத்தாலி சொன்னதும் ஹங்கேரி சொன்ன அதே வாதம்: இது ஊரின் பெயர், உங்களுடையது அல்ல. இத்தனைக்கும் டோக்காய் நூற்றாண்டுகளாக ஊர்ப்பெயர். ப்ரொசெக்கோவோ சட்டத்துக்காக ஊர்ப்பெயர் ஆக்கப்பட்டது. தொக்காய்க்காக நீதிமன்றப் படியேறிய ஃப்ரியூலி, இந்த முறை கோட்டுக்கு உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

ஃப்ரியூலியின் பழைய ஆட்கள் சிலர் கடையில் இன்னமும் தொக்காய் என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரரும் எந்தப் புட்டி என்று கேட்காமல் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்.