கீமோதெரபியின் மறுபாதி

கீமோதெரபி என்றதும் முடி கொட்டும், வெள்ளையணுக்கள் குறையும், எதிர்ப்பாற்றல் சரியும் என்று நோயாளிகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் அது பாதி உண்மைதான்.

மறுபாதி 2005இல் எலிகளிடம் தெரிந்தது. பாரிஸை ஒட்டியுள்ள குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மையத்தின் கிடோ க்ரோமர், லாரன்ஸ் ஸிட்வோகெல் ஆகியோரின் குழு, டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தால் சாகடித்த புற்றுநோய்ச் செல்களை எலிகளுக்குச் செலுத்தியது. பிறகு உயிருள்ள செல்களைச் செலுத்தியபோது பெரும்பாலான எலிகளில் கட்டி வளரவில்லை. செத்த செல்களே தடுப்பூசியாகிவிட்டன! சாகும் விதம்தான் காரணம். செல்லுக்குள் இருக்கவேண்டிய கால்ரெட்டிகுலின் புரதம் மேற்பரப்புக்கு வருகிறது. ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வெளியே கசிகிறது. இவற்றால் ஈர்க்கப்படும், எதிர்ப்பாற்றல் மண்டலத்தைச் சேர்ந்த டென்ட்ரிட்டிக் செல்கள் அந்தச் செல்களை விழுங்கி, புற்றின் அடையாளத்தை, அதைத் தாக்கும் டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தும் இப்படி எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. அதே குடும்பத்துச் சிஸ்பிளாட்டின் அவ்வளவாகத் தூண்டுவதில்லை.

மனிதர்களிடம்? 616 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்பாற்றல் சிகிச்சை மருந்தும் பெற்றவர்களில் 69.2 சதவீதத்தினர் ஓராண்டைக் கடந்து உயிருடன் இருந்தனர். கீமோ மட்டும் பெற்றவர்களில் 49.4 சதவீதத்தினர். இந்த வித்தியாசம் முழுவதையும் கீமோவின் தூண்டுதலுக்கே வரவு வைக்க முடியாது. ஆனாலும் கீமோவும் எதிர்ப்பாற்றல் சிகிச்சையும் சேர்ந்து இயங்க முடியும் என்பது உறுதியாகிவிட்டது.

எனவே எத்தனை செல்களைக் கொன்றது என்பதோடு, எத்தனை டி செல்களை எழுப்பியது என்பதையும் மருந்து ஆய்வுகள் அளக்கவேண்டும். பெம்ப்ரோலிசுமாபின் விலை இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டாதது. காப்புரிமை முடிந்த டாக்சோரூபிசினோ அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது. அதை எப்போது, எந்த அளவில், எதனுடன் கொடுத்தால் எதிர்ப்பாற்றல் விழிக்கும் என்ற ஆய்வுக்குப் பொதுப்பணம் ஒதுக்கப்படவேண்டும்.