கச்சையும் களிசானும்: ஒரு மறுப்பு

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடலாட வரும் ஆடவரின் உடையைக் கண்டு முகஞ்சுளிப்போர் இருவகையினர். வெளிநாட்டுப் பயணி அணியும் இறுகிய சிறு நீச்சலுடை தமிழர் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்பர் ஒருசாரார். சாரத்தைக் கொடுக்குக் கட்டிக்கொண்டோ, வெறும் கோவணத்தோடோ நீரில் இறங்கும் உள்ளூரவன் நாகரிகம் அறியாதவன் என்பர் மறுசாரார். ஒருவரை ஒருவர் எதிர்ப்பவர் போலத் தோன்றினும் இவ்விரு சாராரின் கால்களும் ஊன்றி நிற்பது ஒரே தரையில்தான். நீரில் இறங்கும் உடலைக் கண்டு நாணுவது தொன்றுதொட்டு வந்த மரபு என்றும், அந்நாணத்தின் அளவே நாகரிகத்தின் அளவு என்றும் இருவரும் நம்புகின்றனர். அந்நம்பிக்கை பொய்யானது. பொய் என்பதோடு நில்லாது, கடலோரத்து மக்களுக்குக் கேடு பயப்பதுமாகும்.

முதலில் மரபென்று சொல்லப்படுவதையே எடுத்துக்கொள்ளலாம். மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் இடையில் ஒரு துண்டுத் துணியும், காலை ஊன்றிய கல்லும், கயிறும், சிப்பி சேர்க்கும் வலைப்பையும் மட்டுமே கொண்டு ஆழத்துக்கு இறங்கினர். சங்கும் அட்டையும் தேடிக் கீழைக்கரைக் கடலில் மூழ்கிய சுழியோடிகளும் அவ்வாறே. இது வறுமையின் அடையாளம் மட்டுமன்று, தொழிலின் அறிவுமாகும். நீருக்குள் அசையும் ஒவ்வொரு முழத் துணியும் மூச்சைத் திருடுவது. ஓர் இமைப்பொழுது கூடுதலாகக் கீழே தங்குவதா, வெறுங்கையோடு மேலே வருவதா என்ற கணக்கில் வாழ்ந்தவன் தன் உடையைக் குறைத்துக்கொண்டான். பிற்காலத்தில் நீச்சலுடை நிறுவனங்கள் ஆய்வுகூடங்களில் பெரும்பொருள் செலவிட்டுத் தேடிய நீர்த்தடைக் குறைப்பை, அச்சுழியோடி ஒரு முழக் கச்சையில் கண்டிருந்தான். ஆனால் அவனுடைய கண்டுபிடிப்புக்கு எவரும் உரிமப் பதிவு வழங்கவில்லை, இழிபெயரையே வழங்கினர்.

அவ்விழிபெயர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து வரவில்லை, கரையிலிருந்த சமூக அமைப்பிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துச் சாதிக் கட்டமைப்பில் ஒடுக்கப்பட்டோர் தோளில் சால்வை இடுவதற்குக்கூட உரிமை மறுக்கப்பட்டிருந்தமை யாவரும் அறிந்தது. மேலாடை அணியாதே என்று கட்டளையிட்டவர்களே, மேலாடை இல்லாதவன் என்று பின்னர் நகைத்தனர். கோவணத்தைக் கண்டு கூசும் கண், துணியின் அளவைக் கண்டு கூசவில்லை. துணியின் பின்னாலுள்ள உழைப்பையும் பிறப்பையும் கண்டே கூசுகின்றது. அதே அளவு துணி, நிறுவனத்தின் பெயர் பொறித்து, விமானத்தில் வந்திறங்கிய உடலில் காணப்படும்போது ஹோட்டல் வாயில் அகலத் திறக்கின்றது என்பதைவிட இதற்குச் சான்று வேறு வேண்டுவதில்லை.

பண்பாட்டுக் காவலர் இன்று போற்றும் உடைகளின் பெயர்களே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. 'சாரம்' மலாய்க் கடல்வழியே வந்த சொல். 'களிசான்' போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்துத் தள்ளியவர்களின் காற்சட்டை, அக்கோயிலின் அடிவாரத்துத் தமிழில் இன்றும் கூச்சமின்றிக் குடியிருக்கின்றது. அதனை எவரும் வெளியேற்றக் கோரியதில்லை, கோரவேண்டியதுமில்லை. துறைமுகத்து மக்களின் உடையில் கப்பல்கள் ஏற்றி இறக்கியவை எல்லாம் கலந்தே இருக்கும். ஆயின், நேற்றுக் கப்பலில் வந்த களிசான் மரபாகவும் இன்று வந்தது சீரழிவாகவும் கொள்ளப்படுவது எந்த அளவுகோலின்படி என்பதை மட்டும் அவர்கள் விளக்கவேண்டும்.

இதனினும் வேடிக்கையானது ஒன்றுண்டு. ஈழத்துச் சைவக் கோயில்களில் ஆடவர் மேலாடை களைந்தே உட்செல்லுதல் முறை. ஆடி அமாவாசையன்று கடற்றீர்த்தத்தில் ஆயிரக்கணக்கான ஆடவர் வெற்று மார்போடு, பெண்டிரும் பிள்ளைகளும் சூழ, நீராடுகின்றனர். அன்று அவ்வுடல்களைக் கண்டு எவருடைய கற்பும் கரைந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் அதே கடலில் அதே ஆடவன் சட்டையோடு இறங்கவேண்டும் என்போர், மூடச் சொல்வது மார்பையா, மகிழ்ச்சியையா? புண்ணியத்துக்காக நனையலாம், இன்பத்துக்காக நனையலாகாது என்பதே அவர்தம் வாதமானால், அதனை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நேர்மை.

இவ்வாதத்தின் வேர் சைவத்தில் இல்லை. விக்டோரியா காலத்து ஆங்கிலக் கடற்கரைகளில் இருக்கின்றது. அந்நாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆடவர் ஆடையின்றியே கடலாடுவது வழக்கமாயிருந்தது. பின்னரே உடலை மூடும் ஒழுக்கம் சட்டமாக்கப்பட்டது. 1875இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த கப்டன் மத்தியூ வெப், உடலெங்கும் கடற்பன்றிக் கொழுப்பைப் பூசி, செந்நிறப் பட்டு நீச்சலுடை ஒன்றை அணிந்திருந்தார். அதன்பின் வந்தவை தோள்முதல் தொடைவரை மூடிய கம்பளி உடைகள். நனைந்தால் பாரமாகித் தொங்கும் அவற்றை அணிந்து நீந்துவது, நீந்தாமல் இருப்பதற்கான பயிற்சி போன்றது. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்கரைகளில் மார்பு தெரியக் குளித்த ஆடவர் கைதாகித் தண்டம் இறுத்தனர். அதே ஆண்டுகளில் கொட்டியாரக் குடாவில் வலையிழுத்த மீனவன் மார்பை மூட நினைத்ததுமில்லை. அதனால் எந்தச் சமுதாயமும் கவிழ்ந்ததுமில்லை. வெள்ளையர் தம் நாட்டில் பின்னர் கழற்றி எறிந்த நாணத்தை, குடியேற்ற நாட்டுப் படித்த வர்க்கம் பொறுக்கியெடுத்து, அதற்குத் 'தமிழ்ப் பண்பாடு' என்று பெயரிட்டுக்கொண்டது.

இனி மறுசாராரின் பக்கம் திரும்பலாம். மேலைத்தேய நீச்சலுடையை முன்னேற்றத்தின் சின்னமாகக் காண்போர் அதன் வரலாற்றை அறிவாராயின் சற்று அடக்கத்தோடு பேசுவர். 1914இல் அவுஸ்திரேலியாவில் காலுறை பின்னும் கம்பனியாகத் தோன்றியதே பின்னர் ஸ்பீடோ என்னும் பெயர் பெற்றது. 1956ஆம் ஆண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக்கை ஒட்டி நைலோன் உடை வந்தது. 1960ஐ அண்டிய ஆண்டுகளில் பீற்றர் ட்ரவிஸ் என்பார், இடையில் நில்லாது இடுப்பெலும்பில் தங்கும் சிற்றுடையை வடிவமைத்தார். 1961இல் சிட்னியின் பொண்டை கடற்கரையில் அதை அணிந்தோர் கைதாயினர். மறைக்கவேண்டியது மறைக்கப்பட்டே இருந்தது என்ற முடிவோடு வழக்குத் தள்ளுபடியாயிற்று. பதினொரு ஆண்டுகளில், 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கப் பதக்கங்களை வென்று அத்தகைய சிற்றுடையோடு காட்சியளித்தபோது உலகமே சுவரொட்டி வாங்கிற்று. நேற்றைய குற்றம் இன்றைய விளம்பரமாவதற்கு இடைப்பட்டது ஒரு தலைமுறைகூட அன்று.

பின்னர் காற்று மீண்டும் திசைமாறிற்று. அலைச்சறுக்கு வீரரின் தளர்ந்த நீண்ட களிசான் பரவி, சிற்றுடை நகைப்புக்கு உரியதாயிற்று. ஆனால் பிரான்சின் பொதுத் தடாகங்களில் அத்தளர்ந்த களிசானுக்கு அனுமதியில்லை. இறுகிய சிற்றுடையே கட்டாயம். ஒரு நாட்டில் அநாகரிகம், மற்றொரு நாட்டில் சுகாதார விதி! 2008இல் ஸ்பீடோ நிறுவனம் உடல் முழுவதையும் மூடும் உடையொன்றை அறிமுகப்படுத்திற்று. அதனையும் அதனைப் பின்பற்றி வந்தவற்றையும் அணிந்தோர் 2009இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் 43 உலக சாதனைகளைப் படைத்தனர். நீந்துவது மனிதனா துணியா என்ற ஐயம் எழ, 2010 ஜனவரி முதல் சர்வதேச நீச்சற் சம்மேளனம் அவற்றைத் தடைசெய்தது. ஆடவர் உடை தொப்புளுக்கு மேலே ஏறலாகாது, முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது என்பது அது வகுத்த எல்லை. ஆடவன் மறைக்கவேண்டிய பகுதி தொப்புள்முதல் முழங்கால்வரை என்பது இசுலாமியச் சட்டநூலாரின் பெருவழக்கு. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் மீனவர் சாரத்தைச் சுருக்கிக் கட்டிப் பேணிவந்த எல்லையும் அதுவே. விஞ்ஞானமும் வணிகமும் நூறாண்டு அலைந்து வந்து சேர்ந்த கோடு, அவர் வீட்டு முற்றத்தில் ஏற்கனவே கிடந்தது.

ஆகவே, ஆடவர் நீச்சலுடையின் மாற்றங்களை இரசனையின் வளர்ச்சி என்பதும் பிழை. ஒழுக்கத்தின் வீழ்ச்சி என்பதும் பிழை. தண்ணீர் யாருடையது என்ற வினாவுக்கு அவ்வக்காலம் சொன்ன விடையே அவ்வக்கால உடை. தண்ணீர் உழைப்பவனுடையதாக இருந்தபோது கச்சை போதுமானதாக இருந்தது. அது கனவானின் ஓய்விடமானபோது கம்பளி வந்தது. சந்தையின் களமானபோது ஆண்டுக்கொரு நிறம் வந்தது. இலங்கை இம்மாற்றத்துக்கு வெளியே நிற்கவில்லை. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரத்தின்பின் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. எம்.ஏ.எஸ். குழுமத்தைச் சேர்ந்த லீனியா அக்குவா போன்ற நிறுவனங்கள் இன்று உலகச் சந்தைக்கு நீச்சலுடை தைத்து அனுப்புகின்றன. தைப்போரிற் பெரும்பாலார் பெண்கள். ஒரு கடற்கரையிலும் அணிய அனுமதிக்கப்படாத உடையை நாள்முழுதும் தைக்கும் அப்பெண்களைப் பற்றிப் பண்பாட்டுக் காவலருக்குக் கவலையில்லை. ஏற்றுமதி வருமானத்துக்கு நாணம் கிடையாது போலும்.

தடாகங்களின் ஓரத்தில் தொங்கும் 'தகுந்த நீச்சலுடை' அறிவித்தல்கள் பற்றியும் ஒரு சொல். பருத்தி நூல் வடிகட்டியை அடைக்கும் என்ற நியாயம் தடாகத்துக்குப் பொருந்தும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் கடலுக்கு வடிகட்டி இல்லை. தடாகத்தின் விதி மதிலைத் தாண்டி மணலுக்கு இறங்கி, தலைமுறைகளாக அங்கே தோணி ஏற்றிய மனிதனை அருவருப்போடு நோக்கும்போது அது சுகாதாரம் ஆகாது, ஆக்கிரமிப்பே.

1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் மூழ்கி, இடிக்கப்பட்ட கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டனர். சுழியோடும் அந்நியரின் உடையைப் பற்றி அன்று எவரும் வழக்காடவில்லை. அவர்கள் கண்டுவந்த கற்களையே பேசினர். மைக் வில்சன் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார் என்பதும், கிளார்க் கரையில் பெரும்பாலும் சாரத்தோடே காட்சியளித்தார் என்பதும் நினைக்கத்தக்கன. 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தபோதும், 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குச் சென்று நீந்தியே மீண்டபோதும் தமிழர் மாலையிட்டனரேயன்றி, இடையில் என்ன உடுத்தினீர் என்று கேட்டாரில்லை. 1984இல் ஆங்கிலக் கால்வாயில் ஆனந்தன் உயிர்நீத்தபோது அழுத சமுதாயம், தன் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிக்க மட்டும் மறந்தது.

மறதியின் விலை சிறிதன்று. இன்று நிலாவெளிக்குக் கூட்டமாக வரும் இளைஞர் முழுநீளத் தடித்த ஜீன்சுடனும் சட்டையுடனும் அலையில் இறங்குகின்றனர். நீரை உறிஞ்சிய பருத்தி காலைக் கட்டும். சாரம் அவிழ்ந்தால் காலில் சுற்றும். மூழ்கி இறப்போர் இந்நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கினர். அவர்களுள் எத்தனை பேரை நாணம் கீழே இழுத்தது என்று எந்த மரண விசாரணையும் கேட்பதில்லை. 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார் உட்படப் பலர் மாண்டனர். பாலமில்லாமையும் பாதுகாப்பின்மையும் அதற்குக் காரணங்கள். உடையைக் குற்றஞ்சாட்டுவது அபத்தம். ஆயினும் கழியும் கடலும் சூழ்ந்த ஒரு மாவட்டத்தில் பிள்ளைகள் தண்ணீரை அறியாது வளர்கின்றனர் என்பதை அந்நாள் காட்டிற்று. உடையைப் பற்றிச் செலவிட்ட சொற்களில் நூற்றிலொரு பங்கு அதைப் பற்றிச் செலவிடப்படவில்லை.

கொட்டியாரத்துக்குத் தெற்கே, இலங்கைத்துறை முகத்துவாரத்தில், கழியும் கடலும் கூடுமிடத்தில் நாளை ஒரு சிறுவன் நீந்தக் கற்க இறங்குவானாயின், அவன் இடையில் இருப்பது கோவணமா, களிசானா, பெயர் பொறித்த இறுகிய துணியா என்று பார்க்க வருவோர், முதலில் அவனுக்குக் கற்பிக்க ஒருவரை அழைத்து வரட்டும்.