கழுதையும் இல்லை, புலியும் இல்லை

பழமை என்றால் நம்ம நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஆதிச்சநல்லூர்தான். தாழி, இரும்பு என்று மணிக்கணக்கில் பேசுவோம். மனிதனுக்கு முன்னால் இந்த நாட்டில் என்ன திரிந்தது என்று கேட்டால் மட்டும் "டைனோசர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம்!

பெர்குரோகுட்டா என்று ஒரு விலங்குப் பேரினம். அந்தப் பெயர் 1938-ல் வைக்கப்பட்டது. விலங்கு வாழ்ந்ததோ ஒரு கோடி வருஷத்துக்கும் முன்னால். இமயமலை அடிவாரத்து சிவாலிக் பாறைகளில் இதன் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. எலும்பை நொறுக்கும் தடித்த பற்களைப் பார்த்து முதலில் கழுதைப்புலிக் குடும்பத்தில் சேர்த்தார்கள். பிறகு பால்பற்களை ஆராய்ந்தபோது பலருக்குச் சந்தேகம் வந்தது: இது தனிக் குடும்பம், ஒரே மாதிரி இரை தின்றதால் ஒரே மாதிரி பல் வந்திருக்கிறது என்றார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

தோற்றத்தை நம்பி ஏமாறுவது நமக்கும் புதிதல்ல. கழுதைப்புலி கழுதையும் இல்லை, புலியும் இல்லை. பார்க்க நாய் மாதிரி, ஆனால் உறவு பூனை, கீரி பக்கம்!

தாமிரபரணிக் கரையில் ஏன் இப்படி எதுவும் கிடைக்கவில்லை? சிவாலிக்கில் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் எலும்புகளை மூடிக் காப்பாற்றியது. நம் காலடியில் இருப்பதோ அதைவிடப் பல மடங்கு பழைய கடினப் பாறை. எலும்பு இல்லை என்பதால் விலங்கே இருந்ததில்லை என்று ஆகிவிடாது.

சாயர்புரம் தேரியில் சிறு கற்கருவிகள் சேகரித்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1884-ல் கர்னூல் குகைகளையும் தோண்டினார். அங்கே கிடைத்த எலும்புகளில் புள்ளிக் கழுதைப்புலியுடையதும் உண்டு. இன்று அந்த இனம் ஆப்பிரிக்காவில் மட்டும்தான்.

உலகில் இப்போது மிச்சம் 4 கழுதைப்புலி இனங்கள். இந்தியாவில் ஒன்றே ஒன்று, வரிக் கழுதைப்புலி. தமிழ்நாட்டில் மாயாறு, சீகூர்ப் பக்கம் இருக்கிறது. செத்த மாட்டைத் தின்று காட்டைச் சுத்தம் செய்யும் பிராணி. புலி, சிறுத்தையைக் கொல்ல இறந்த மாட்டில் விஷம் வைத்தால் இதுவும் சேர்ந்து சாகிறது. புலி செத்தால் செய்தி. இது செத்தால் யாருக்குத் தெரியும்?

என்னைப் பொறுத்தவரை, கல்லாகிப்போன எலும்புக்குக் காட்டும் மரியாதையில் பாதியாவது உயிரோடு இருப்பதற்குக் காட்ட வேண்டும். அசிங்கம், கோழை என்று சொல்லி ஒதுக்கிக்கொண்டே இருந்தால், இதையும் ஒருநாள் பல்லை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டியிருக்கும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?